சோலார் பேனலை மாடியில் விரிக்கும் முன்: கேள்வி பதில்

இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் என்று இருபது வருடமாக மொட்டை மாடி ஏறி இறங்கும் ஆள் நான். கையில் தூக்கிப் போகிற சிறிய சோலாரைப் பற்றியும், வீட்டில் செய்யக்கூடிய சின்னச் சின்ன மாற்றங்களைப் பற்றியும் வந்த கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

100 வாட் பேனல் ஒன்று வாங்கினால் இரண்டு மாத கரண்ட் பில் எவ்வளவு குறையும் சார்? (வேளச்சேரியிலிருந்து ஓர் இல்லத்தரசி)

பெரிதாகக் குறையாதும்மா. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பேனலில் ஒட்டியிருக்கும் 100 வாட் என்பது சோதனைக்கூடக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில், பேனலின் சூடு 25 டிகிரி என்று வைத்து அளந்தது. மே மாதம் நம் மாடியில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி இறங்கும். வெயில் கூடினால் கரண்ட் கூடும், சூடு கூடினால் குறையும். இரண்டும் ஒன்றல்ல. வயர், பேட்டரி இழப்பும் போக, நல்ல நாளில் கைக்கு வருவது 350 முதல் 400 வாட்-மணி (1000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). இரண்டு மாதத்துக்கு 21 முதல் 24 யூனிட்.

வீடுகளுக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். அதற்குள் ஓட்டுகிற குடும்பத்துக்கு ஒரு பைசா மிச்சமில்லை. இன்னொரு கணக்கும் பாருங்கள். டிவியை அணைத்த பிறகும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்துக்கொண்டே இருந்தால் 60 நாளில் 14 யூனிட். பேனல் சம்பாதிப்பதில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டியே தின்றுவிடும். சுவிட்சை அணைக்க ஒரு விரல் போதும்.

பில்தான் பிரச்சினை என்றால், மின்வாரிய லைனோடு சேர்க்கும் கூரை சோலாரைப் பாருங்கள். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். கையடக்க சோலாரின் வேலை வேறு.

அந்த வேறு வேலை என்னவென்று எனக்குத் தெரியும் அண்ணே. நான் பேராவூரணி பக்கம். கஜா புயல் அடித்தபோது வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். இன்னொரு முறை வந்தால் என்ன வைத்திருக்க வேண்டும்?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். 5 வாட் எல்இடி விளக்கு இரண்டு, ஆறு மணி நேரம்: 60 வாட்-மணி. இரண்டு செல்போன்: 40. ஆக 100. இதற்கு 50 வாட் பேனலும் 12 வோல்ட் 20 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியும் போதும். அடுத்து ஃபேன். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன டிசி ஃபேன்கூட 25 வாட் இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 200. விளக்கும் போனும் சேர்ந்ததைப் போல இரண்டு மடங்கு! வீட்டில் கைக்குழந்தையோ படுத்த படுக்கையாகப் பெரியவரோ இருந்தால் ஃபேன் அவசியம். அப்போது 150 வாட் பேனல், 12.8 வோல்ட் 50 ஏ.எச். லித்தியம் பேட்டரி என்று போங்கள்.

லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் படுத்துவிடும். எழுதியிருக்கும் அளவில் பாதிதான் உங்களுடையது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், 2000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். விலை அதிகம்தான், ஆனால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நாளில் எடை குறைவு.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியை வீட்டு கரண்டில் முழுசாக ஏற்றி வையுங்கள், ஏனென்றால் புயலுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் வெயில் இருக்காது. காற்று தொடங்கும் முன் பேனலைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். கூரையில் நிரந்தரமாக மாட்டியவருக்கு இந்த வசதி கிடையாது.

முதுகிலேயே சோலார் ஒட்டிய பவர் பேங்க் வாங்கியிருக்கிறேன். மலையேறப் போகும்போது வெயிலில் வைத்தால் போதுமா? (கோவை, கல்லூரி மாணவர்)

போதாது. 20,000 எம்.ஏ.எச். என்றால் உள்ளே சுமார் 74 வாட்-மணி. முதுகில் இருக்கும் உள்ளங்கை அளவு பேனல் தருவது ஒரு வாட், மிஞ்சினால் ஒன்றரை. முழு வெயிலில் 50 முதல் 70 மணி நேரம் கிடக்க வேண்டும். அதற்குள் மலை இறங்கி, பரீட்சை எழுதி, ரிசல்ட்டே வந்துவிடும். தவிர, லித்தியத்தை வெயிலில் சுட வைப்பது பேட்டரியை நாமே கொல்வது.

20 வாட் மடக்குப் பேனல் தனியாக, சாதாரண பவர் பேங்க் தனியாக வாங்குங்கள். பேனல் பையின் மேல் வெயிலில், பவர் பேங்க் பைக்குள் நிழலில். போனை நேரடியாகப் பேனலில் மாட்ட வேண்டாம். மேகம் மறைக்கும்போதெல்லாம் சார்ஜ் அறுந்து அறுந்து வரும்.

அதையே விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் வைத்து, 100 வாட்-மணிக்குள் இருந்தால் போகலாம். செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது.

வாடகை வீடு, கிழக்குப் பார்த்த பால்கனி. அங்கே வைத்தால் வேலைக்கு ஆகுமா?

காலை வெயில் மட்டும்தான் கிடைக்கும். பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் வைக்க வேண்டாம், இன்னும் குறையும்.

நிழல் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பேனலில் செல்கள் வரிசையாக ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதும் திணறும். கொடியில் காயும் ஒரு துண்டின் நிழல் போதும், உற்பத்தி பாதியாக இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மாடிக்குப் போக முடிந்தால் பொதுவாகத் தெற்கு நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். அந்த மாதங்களில் பேனலைக் கொஞ்சம் வடக்கே திருப்பிக்கொள்ளுங்கள். நம் கையில் இருப்பது திருப்பக்கூடிய பேனல்தானே.

பேனல் மாடியில், பேட்டரி கீழ் அறையில். நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியில் 14.4 வோல்ட் காட்டுகிறது, ஆனால் பேட்டரி நிரம்புவதே இல்லை. ஏன்? (திருச்சி)

கன்ட்ரோலரை மாடியிலேயே மாட்டியிருக்கிறீர்கள், சரிதானா? ஆரம்பத்தில் நானும் ஒரு வீட்டில் அப்படித்தான் மாட்டிவிட்டு, பேட்டரிதான் கோளாறு என்று மாற்றவும் சொன்னேன். அந்தப் பணத்தைப் பிறகு நானே கொடுக்க வேண்டியதாயிற்று.

1.5 சதுர மி.மீ. வயர், 10 மீட்டர் தூரம். போக வர 20 மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 இருப்பதைப் பார்த்து "நிரம்பியாச்சு" என்று கரண்டைக் குறைக்கும். பேட்டரிக்குக் கிடைப்பது 13 சொச்சம். கன்ட்ரோலரைக் கீழே பேட்டரி பக்கத்தில் கொண்டுவாருங்கள், தடிமனான வயர் போடுங்கள். பேட்டரி முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் இருக்கும் 300 வாட் பவர் ஸ்டேஷனில் கெட்டில் போடலாமா? குளிக்க வெந்நீர் வேண்டும்.

வேண்டாம். கெட்டில் 1500 வாட் கேட்கும், பெட்டி உடனே கைவிரித்துவிடும். சூடாக்குகிற எதையும் இதில் மாட்டாதீர்கள்.

ஒரு வாளி, 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுவர சுமார் 210 வாட்-மணி வேண்டும். 100 வாட் பேனலின் ஒரு நாள் உழைப்பில் பாதி. வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பேனல் கரண்டாக மாற்றுகிறது. அதைத் திரும்பச் சூடாக்குவதற்குப் பதில், கறுப்பு டிரம்மில் தண்ணீரை நிரப்பிக் காலையில் மாடியில் வையுங்கள். வடகம் காய வைக்க யாராவது பேனல் வாங்குவார்களா?

சோலாரே இல்லாமல், கரண்டை மிச்சம் பிடிக்க மாணவர்கள் வீட்டில் தொடங்க ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (அரசுப் பள்ளி ஆசிரியை, தேனி)

ஃபேன் டீச்சர். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் மிச்சம் 675 வாட்-மணி. முதல் கேள்வியில் பார்த்த பேனல் ஒரு நாளில் தருவதை விட அதிகம்! பிள்ளைகளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காசில்லாமல் தொடங்க வேண்டுமென்றால் பருப்பை ஊறப்போட்டு வேக வைப்பது, செட்டாப் பாக்ஸ் சுவிட்ச். மஞ்சப்பையைப் பற்றி நான் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பேனல் செய்யச் செலவாகும் மின்சாரத்தை அது திருப்பித் தருவதே இல்லை என்கிறார்களே?

தவறு. நம் வெயிலுக்கு ஓரிரு வருடத்தில் திருப்பித் தந்துவிடும், கண்ணாடிப் பேனல் 25 வருடம் உழைக்கும். ஆனால் ஆசைக்கு வாங்கிப் பரணில் போட்ட மடக்குப் பேனலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்த விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது சரி. பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கடையில் கொடுத்தால் விலை கிடைக்கும். லித்தியத்தைக் குப்பையில் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

பேனல் மேல் காக்கா எச்சம். என்ன போட்டுக் கழுவுவது?

காலையில் பேனல் சூடேறும் முன், வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைக் கறை படியும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றுங்கள். காக்காய்க்குச் சோறு வைக்கும் பழக்கம் இருந்தால் மாடியின் மறுகோடியில் வையுங்கள்.