பி.காம் வேணாம், ஸ்பானிஷ் படிக்கிறேன்னு நிக்கிற பொண்ணு: ஒரு அம்மாவுக்கு பதில்

வணக்கம்மா. உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். ப்ளஸ் டூ காமர்ஸ் முடிச்ச பொண்ணு பி.காம் வேணாம், டெல்லி போய் ஸ்பானிஷ் படிக்கிறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, வீட்ல பெரியவங்க எல்லாம் ஸ்பெயின்காரன் இங்க வந்து வேல குடுக்கப் போறானான்னு கேக்குறாங்க, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு தூக்கம் வராம இருக்கீங்க. உங்க பயத்துல பாதி நியாயம் இருக்கு, மீதி பாதி அந்த மொழியப் பத்தி நமக்கு சரியா தெரியாததால வர்றது.

முதல்ல ஒன்னு. ஸ்பானிஷ்னா ஸ்பெயின் மட்டும்னு நெனைக்காதீங்க. ஸ்பெயின் ஜனத்தொகை 5 கோடிய ஒட்டித்தான் இருக்கும், மெக்சிகோ மட்டுமே 13 கோடி பக்கம். 20 நாட்டுல அதுதான் அரசாங்க மொழி, தாய்மொழியா பேசுறவங்க கிட்டத்தட்ட 50 கோடி பேரு, ஐ.நா.வோட ஆறு மொழியில அதுவும் ஒன்னு, அமெரிக்காவுக்குள்ளயே 4 கோடிக்கும் மேல ஆளுங்க வீட்ல ஸ்பானிஷ்தான் பேசுறாங்க. கலிஃபோர்னியா, நெவாடா, லாஸ் ஏஞ்சலஸ், இந்தப் பேரெல்லாம் அவங்க விட்டுட்டுப் போனதுதான். பிரேசில மட்டும் இதுல சேத்துடாதீங்க, அங்க போர்ச்சுகீஸ், என்கிட்ட வர்ற பசங்க நெறைய பேரு இதுல தப்பு பண்றாங்க. மெஸ்ஸியோட அர்ஜென்டினா ஸ்பானிஷ், நெய்மரோட பிரேசில் போர்ச்சுகீஸ், இப்படி ஞாபகம் வெச்சுக்கலாம்.

அப்ப நமக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ஓசூர்ல இருந்து கெளம்பின டிவிஎஸ் கம்பெனி பைக் கொலம்பியா ரோட்ல ஓடுது, பெருவுல மோட்டோடாக்சின்னு சொல்ற ஆட்டோல நெறைய பஜாஜ் வண்டிதான். டிசிஎஸ் 2002லயே உருகுவே தலைநகர் மான்டிவீடியோல ஆபீஸ் போட்டாச்சு. காத்தாலை செய்ற கமேசா ஸ்பெயின்ல பொறந்த கம்பெனி, இந்தியாவுக்கு வந்தப்போ சென்னையத்தான் தலைமையிடமா வெச்சாங்க. இந்த மாதிரி எடங்கள்ல டீலர்கிட்ட பேச, பில்லு பாக்க, கான்ட்ராக்ட் படிக்க இங்கிலீஷும் ஸ்பானிஷும் தெரிஞ்ச ஆளு தேவைப்படுது.

ஆனா கவனிங்கம்மா, அங்க தேவைப்படுறது மொழி தெரிஞ்ச அக்கவுன்டன்ட், மொழி தெரிஞ்ச இன்ஜினியர். வெறும் மொழிபெயர்ப்பு மட்டும் பண்ணி சம்பாதிக்கலாம்னா இப்ப ரொம்ப கஷ்டம், சாதாரண லெட்டர் எல்லாம் மெஷினே மாத்திக் குடுத்துடுது. அதனால உங்க பொண்ணு காமர்ஸ விடக்கூடாதுங்கறது என்னோட உறுதியான கருத்து.

நைட் ஷிஃப்ட் பத்தி நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லியே ஆகணும். இங்க இருந்துக்கிட்டே ஸ்பெயின் கம்பெனிக்கு வேல பாத்தா அவங்க காலைல 9 மணி நமக்கு மத்தியானம் பன்னெண்டரை, குளிர்காலத்துல ஒன்றரை, அது சமாளிக்கலாம். மெக்சிகோவுக்கு வேல பாத்தா அவங்க 9 மணி நமக்கு ராத்திரி எட்டரை, விடிய விடிய முழிச்சிருக்கணும். வேலைக்கு சேரும்போது எந்த நாட்டு கம்பெனிக்கான வேலன்னு கேக்காம கையெழுத்து போட்டுட்டு ஆறு மாசத்துல உடம்பு கெட்டு வந்த பிள்ளைகள நான் பாத்திருக்கேன், அதான் இப்பவே சொல்றேன்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். ஸ்பானிஷ் தமிழ்ப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ விட நல்லாவே ஒத்துப்போகும். இங்கிலீஷ்ல ஐ லைக் காஃபி, ஸ்பானிஷ்ல மே குஸ்தா எல் கஃபே, அதாவது அப்படியே 'எனக்கு காபி பிடிக்கும்', அந்த 'எனக்கு' அங்கயும் இருக்கு. நான், நீன்னு தனியா சொல்லாமலே வினைச்சொல்லோட வாலப் பாத்து யாருன்னு தெரிஞ்சுக்கலாம், ஆப்லோன்னா பேசுறேன், ஆப்லாமோஸ்னா பேசுறோம். நீ, நீங்க மாதிரி தூ, உஸ்தெத் இருக்கு. நம்ம 'ஞ'வுக்கு அவங்ககிட்ட தனி எழுத்தே உண்டு, நாட்டுப் பேரே எஸ்பாஞா. ர, ற வித்தியாசம் கூட இருக்கு, பெரோன்னா 'ஆனா', பெறோன்னா நாய். நாம சொல்ற மேசை, அலமாரி போர்ச்சுகீஸ்காரங்க குடுத்துட்டுப் போனது, அதோட ஒன்னுவிட்ட தம்பி மாதிரிதான் ஸ்பானிஷ், அங்க மேசா, அர்மாரியோ. கஷ்டம்னு பாத்தா எல்லாப் பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் இருக்கறது, அப்புறம் ஆச, சந்தேகம் இதெல்லாம் சொல்றதுக்குன்னு வினைச்சொல்லுக்கு சப்ஜங்டிவ்னு தனி வடிவம் வரும், அது ரெண்டாவது வருஷத்துல அழ வைக்கும், எல்லாரும் தாண்டித்தான் வர்றாங்க.

சரி, என்ன செய்யலாம்? டெல்லி ஜேஎன்யூ, ஹைதராபாத்ல மொழிகளுக்குன்னே இருக்கற இஃப்லு, இந்த ரெண்டுல ஒன்னுல பி.ஏ. ஸ்பானிஷ் சீட் கெடச்சா கண்ண மூடிட்டு அனுப்புங்க, ரெண்டுமே மத்திய அரசு பல்கலைக்கழகம், கூட ஆன்லைன்ல அக்கவுன்டிங் எதையாவது பிடிச்சுக்கட்டும். கெடைக்கலன்னா லட்சக்கணக்குல குடுத்து தெரியாத காலேஜ்ல மொழி டிகிரி வாங்காதீங்க, உங்க ஊர்லயே பி.காம் சேத்துட்டு கூடவே ஸ்பானிஷ் படிக்க வைங்க. எப்படிப் போனாலும் ஸ்பானிஷ் எவ்வளவு தெரியும்னு காட்டுற டெலே பரீட்சை எழுதியே ஆகணும், ஸ்பெயின் கல்வி அமைச்சகம் பேர்ல இன்ஸ்டிட்யூட்டோ செர்வான்டெஸ் நடத்துறது, டெல்லில அவங்க சென்டர் இருக்கு, அந்த சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும். ஏ1ல ஆரம்பிச்சு சி2 வரைக்கும் ஆறு படி. ஏ2வோட நிறுத்தினா வேலைக்கு உதவாது, பி2 தான் கம்பெனிக்காரங்க நிமிந்து பாக்குற எடம். 'மூணு மாசத்துல சரளமா பேசலாம்'னு விளம்பரம் போடுற எடத்துக்கு காசு கட்டாதீங்க, முழுநேரமா மொழி மட்டுமே படிக்கிற அமெரிக்க தூதரக அதிகாரிங்களுக்கே ஏழு மாசம் கிட்ட ஆகுது.

இன்னொன்னு, இந்த ஆச ஏதோ சீரியல் பாத்து வந்ததுதான்னு எழுதியிருந்தீங்க. அதுல தப்பே இல்ல, ஆனா நெலைக்குமான்னு பாக்கணும். நாளைல இருந்து ரெண்டு மாசம் தெனம் முக்கா மணி நேரம், போன்ல கெடைக்கிற இலவச பாடமே போதும், நீங்க ஞாபகப்படுத்தாம அவளா உக்காருறாளான்னு மட்டும் பாருங்க. க்யூட்னு சொல்ற மத்திய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு அப்ளிகேஷன் தேதிய மட்டும் தவற விட்றாதீங்க, ஜேஎன்யூவுக்கு அதுதான் வழி. ரெண்டு மாசம் கழிச்சு அவளையே எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட சொல்லுங்க, ஸ்பானிஷ்ல, பேரு ஊரு வீட்ல யாரு யாரு இருக்காங்கன்னு அஞ்சு வரி போதும்.