பிசிஎம்47622 போர்டில் யூ-பூட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பிராட்காமின் பிசிஎம்47622 பிராட்பேண்ட் சிப் வைத்த போர்டுக்கு யூ-பூட் (கருவி தொடங்கும்போது ஓடி லினக்ஸை ஏற்றும் பூட்லோடர்) ஆதரவு சேர்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: பாதி வேலை முடிந்தே இருக்கிறது. இந்தச் சிப் குடும்பத்துக்கென ‘பிசிஎம்பிசிஏ’ என்ற பிரிவு 2022இலேயே யூ-பூட் மூலநிரலில் சேர்ந்துவிட்டது. முதலில் சேர்த்தது எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள்: நான்கு கார்டெக்ஸ்-ஏ7 கோர்கள், நினைவகம், டைமர், கணினித் திரைக்கு எழுத்துகளை அனுப்பும் பிஎல்011 சீரியல் போர்ட். போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்புகூட லினக்ஸிலிருந்து எடுத்ததுதான். அதைப் பிரதி எடுத்து உங்கள் போர்டின் பெயரை இட்டு, நினைவக அளவைத் திருத்துங்கள். கம்பைல் செய்யும் அமைப்புகள் இருக்கும் டெஃப்கான்ஃபிக் கோப்பிலும் அந்தப் பெயரைக் கொடுங்கள். கம்பைல் செய்ததை ரேமில் ஏற்றி ஓட்டுங்கள். போர்டில் ஏற்கெனவே இருக்கும் பூட்லோடர் டிடிஆர் நினைவகத்தை (அந்த ரேமை) தயார்செய்து வைத்திருக்கும். அந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டாம். ‘=>’ என்ற குறி திரையில் வந்தால் முதல் கட்டம் முடிந்தது.

ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) மட்டும் எழுதாதீர்கள். அவசரப்பட்டு எழுதி ஒரு போர்டின் மேக் முகவரியையே (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) அழித்தவன் நான்.

கேள்வி: சார், திரையில் ஒன்றுமே வரவில்லை.

பதில்: சீரியல் போர்ட்டின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) வயர்களை மாற்றிச் செருகுங்கள். கிரவுண்ட் வயர் இருக்கிறதா? வேகம் 115200தானா? கணினியோடு இணைக்கும் சீரியல் அடாப்டர் 3.3 வோல்ட்தானா? எல்லாம் சரியென்றால், யூ-பூட் தொடங்கும் இடத்திலேயே பிஎல்011இன் டேட்டா ரிஜிஸ்டரில் ஓர் எழுத்தை நேரடியாக எழுதிப் பாருங்கள். அது வந்தால் கோளாறு அதற்குப் பிறகு இருக்கிறது. தேட வேண்டிய இடம் குறையும்.

கேள்வி: வைஃபை எப்போது வேலை செய்யும்?

பதில்: பூட்லோடரிலா? லினக்ஸ்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: நேரடியாக ஃபிளாஷில் எழுதலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: என் போர்டில் செக்யூர் பூட் போட்டுவிட்டார்கள்; தயாரிப்பாளரின் சாவியால் கையொப்பமிட்ட மென்பொருள் மட்டும்தான் ஓடும். யூ-பூட் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவதுதானே? கையொப்பச் சாவியையும் அவர்கள் தர வேண்டாமா?

பதில்: இதைக் கேட்டால் எனக்கு உறக்கம் போய்விடும். யூ-பூட்டின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு; பெரும்பாலான கோப்புகளுக்கு அதற்குப் பிந்தையதும் செல்லும். பைனரி தந்தவர் மூலநிரலும் தர வேண்டும், சந்தேகமில்லை. சாவி வேறு கதை. 2007இல் வந்த மூன்றாம் பதிப்புதான் அதை வெளிப்படையாகத் தொட்டது.

மறுப்பு: நிறுவும் ஸ்கிரிப்டுகளையும் தர வேண்டும் என்று இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறதே! சாவி இல்லாமல் எதை நிறுவுவது?

பதில்: உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்டு என்ற சொல்லுக்குள் சாவி அடங்குமா என்பதில் வக்கீல்களே ஒத்துப்போவதில்லை. அவர்கள் சண்டை முடியும்வரை பூட்டிய போர்டை ஓரமாக வைத்துவிட்டுப் பூட்டாததை வாங்குங்கள்.

கேள்வி: ஃபிளாஷில் எழுதினால் என்ன ஆகும் அண்ணா?

பதில்: எழுதிவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: ‘=>’ வந்துவிட்டது! அடுத்து ஈதர்நெட்டா?

பதில்: மிக்க மகிழ்ச்சி. அதற்கு முன் இதை யூ-பூட் திட்டத்துக்குப் பேட்ச்சாக (நிரல் மாற்றமாக) அனுப்புங்கள். பராமரிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயரையும் சேருங்கள்; நாளை இது உடைந்தால் என்னிடம் வரக்கூடாது.