ஜூடோ பழகிய மகளுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகள், மாநிலப் போட்டிவரை ஜூடோ ஆடியவள், காவலர் பயிற்சி நிலையத்தில் தற்காப்புக் கற்பிக்கும் நிலைக்கு உயர வேண்டும் என்கிறாள். உறவினர்களோ நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்கச் சொல்கிறார்கள். அதற்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆயினும் வைக்கக் கூடாது என்பதே என் பதில். விருப்பமில்லாத படிப்பில் தேர்ச்சி பெறாத பாடங்கள் சேர்ந்துகொண்டே போகும். யோசனை சொன்ன உறவினர் எவரும் அந்த வட்டியைக் கட்ட வரமாட்டார்.

"பெண் பிள்ளைக்கு அடிதடி வேலையா?" என்கிறாராம் அவளுடைய பெரியப்பா. தமிழகக் காவல் துறையில் 1973 முதல் பெண்கள் பணியாற்றுகிறார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையமே வந்துவிட்டது. மேலும், தற்காப்புக் கற்பிப்பது அடிதடியே அன்று. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் விழக் கற்றுத்தர வேண்டும். பழக்கமில்லாதவர் பின்னால் சாயும்போது கையை ஊன்றுவார், மணிக்கட்டு முறியும். பயின்றவர் முகவாயை மார்போடு ஒட்டிப் பின்தலையைக் காத்து, இரு கைகளையும் உடலிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கைவரை ஒருசேர மெத்தையில் அறைந்து விழுவார். பிறகு, எதிராளியிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, இடுப்பில் துப்பாக்கி உள்ள பக்கத்தை எப்படி விலக்கி வைப்பது, பற்றிய கையைக் கட்டைவிரல் இடுக்கு வழியாக எப்படி விடுவிப்பது, முழங்கையை மடக்கி ஒருவரை எப்படிக் காயமின்றி அழைத்துச் செல்வது என்று பாடம் நீளும். குப்புறக் கிடத்தி விலங்கிட்டவரின் முதுகில் பாரத்தை ஏற்றினால் மூச்சுத் திணறும் என்பதால், உடனே பக்கவாட்டில் திருப்பி உட்கார வைக்கப் பழக்க வேண்டும். கைதானவர் தப்பாமலிருக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46ஆம் பிரிவு கூறுகிறது. அந்த எல்லையைக் கையிலும் தோளிலும் பதிய வைப்பவர்தாம் நல்ல பயிற்றுநர். போட்டி மெத்தையில் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிய நொடியில் பிடியை விடப் பழகிய உங்கள் மகளுக்கு அதற்கான அடித்தளம் இருக்கிறது.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லும் வழியை உங்கள் உறவினர் எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ் உடற்கல்வியில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம். அதன்பின் பஞ்சாபின் பாட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஜூடோ பயிற்றுநர் பட்டயம். பட்டம் இருந்தால் உதவி ஆய்வாளர் தேர்வு எழுதலாம். அதில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. துறைக்குள் சென்றபின், பயிற்சி நிலையத்துக்கு ஆள் தேடும்போது பட்டயம் பெற்றவருக்குத் தகுதி கூடும். தேர்வாகாவிட்டாலும் அதே பட்டயத்துடன் பள்ளியிலோ விளையாட்டு அரங்கிலோ பயிற்றுநர் வேலைக்கு முயலலாம்.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். முதலில் மகளின் உயரத்தை முறையாக அளந்து பாருங்கள். உதவி ஆய்வாளர் தேர்வில் பெண்களுக்குப் பொதுவாக 159 செ.மீ., பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 157 செ.மீ. தேவை, அது குறைந்தால் சீருடையை விட்டுப் பயிற்றுநர் வழியை மட்டும் திட்டமிட வேண்டும். அடுத்து, உள்ளூர்ச் சங்கம் தந்த சான்றிதழ் ஒதுக்கீட்டுக்கு உதவாது. அங்கீகாரம் பெற்ற சங்கம் உரிய படிவத்தில் அளித்ததே செல்லும். தேர்வுப் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் தனியார் மையத்துக்கு ஓட வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிக் கற்கலாம். அங்கே விசாரிக்கப் போகும்போது மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.