புத்ராஜெயா ஏரியில் கயாக் வாடகைக்கு எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மலேசியாவில் கோலாலம்பூருக்கு வரும் இருவர், நீச்சல் அரைகுறை, இதுவரை துடுப்புப் பிடித்ததில்லை, பக்கத்து நகரமான புத்ராஜெயாவின் ஏரியில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்ட ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். மற்ற எதையும்விட இதுதான் முக்கியம். இங்கே வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, பெரும்பாலும் பிற்பகலில்தான் இடிமழை பிடிக்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னும் அதிகம். பரந்த தண்ணீரில் தலை நிமிர்ந்து தெரிவது நீங்கள் மட்டும்தான், மின்னல் உங்கள்மேல் விழலாம். இடி காதில் விழுந்தாலே கரைக்குத் திரும்பி, மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி இறங்கலாம்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் புத்ராஜெயா சென்ட்ரல் சுமார் 20 நிமிடம். அங்கிருந்து கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) பிடித்து பிரசிந்து 6 என்ற நகரப் பகுதியில் உள்ள நீர் விளையாட்டு வளாகத்துக்குப் போகலாம். போட்டி நடக்கும் நாளில் படகு கிடைக்காமல் போகலாம். முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்றது மேலே உட்காரும் வகை பிளாஸ்டிக் கயாக். கவிழ்ந்தாலும் உள்ளே சிக்கிக்கொள்ள மாட்டீர்கள். பின்முனையில் தண்ணீர் வடிக்கும் திருகுமூடி இருக்கும். அது இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மூடி தளர்ந்தால் உட்கூட்டில் தண்ணீர் சேரும், படகு கனத்து ஒரு பக்கமாகச் சாயும். இருக்கையருகே உள்ள ஓட்டைகள் வேறு. அவற்றில் கொஞ்சம் தண்ணீர் ஏறி இறங்குவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

மிதவைச் சட்டையின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு, சட்டையின் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கும்படி உடன் வருபவரிடம் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது, வேறு கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இருவர் ஒரே கயாக்கில் போனால், எடை கூடியவர் பின்னால் உட்காரட்டும், துடுப்புப் போடும் தாளத்தை முன்னால் இருப்பவர் முடிவு செய்யட்டும். பின்னவர் அதே பக்கம், அதே வேகத்தில் போட்டால் துடுப்புகள் மோதாது. துடுப்பின் குழிந்த முகம் உங்களைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் பிடித்துவிட்டு ‘படகு நகரவே இல்லை’ என்பவர்கள் நிறைய. கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பிப் போடுங்கள், தோள் வலிக்காது.

650 ஹெக்டர் ஏரி. பாலங்களைத் தாண்டிய அகலமான பகுதிகளில் காற்று தள்ளும். போகும்போதே எதிர்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும்.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். நிமிர்த்தி, நடுப்பகுதியில் இரு கையையும் குறுக்கே நீட்டி, காலை உதைத்து வயிற்றால் ஏறி, பிறகு திரும்பி உட்காருங்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காலில் புண் இருந்தால் நீர்புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். இங்கே நன்னீரில் ‘கென்சிங் திக்குஸ்’ என்கிற எலிக்காய்ச்சல் பரவ வாய்ப்புண்டு. ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஏரியில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.