கணவன் மனைவி இருவருமாகக் குடித்து மகிழ்ந்தபடி முதுகுப்பையோடு சாலைவழியே சுற்ற ஏற்ற வெளிநாடு எது?

கேள்வி கேட்டவர் தாமும் தம் மனைவியும் மது அருந்துகிறவர்கள் என்றும், சுற்றுலா நிறுவனத்தின் துணை இல்லாமல் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, பிடித்த ஊரில் தங்கி, பிடிக்காத ஊரைக் கடந்து, சிரித்துப் பேசிக்கொண்டே ஒரு நாட்டின் சாலைகளில் போக விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். அதற்கு எந்த நாடு பொருந்தும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. என் பதில் வியட்நாம். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்தவள். என் கணவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். தெற்கே சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) தொடங்கி வடக்கே சீன எல்லையை ஒட்டிய ஹா ஜாங் மலைகள் வரை பேருந்திலும் ரயிலிலும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலுமாக நாங்கள் இருவரும் போய்வந்தோம்.

வியட்நாமை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் அங்கே மது மலிவு என்பதல்ல. மது மலிவு என்றால் எங்கள் ஊரைவிட்டு வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. வார இறுதியில் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வரும் வண்டிகளே அதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட கள்ளும் சாராயமும் புதுச்சேரியில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகின்றன. ஆனால் இத்தனை கடைகள் இருக்கும் ஊரில், ஒரு பெண் தன் கணவரோடு மாலையில் ஒரு சாதாரணக் கடையில் உட்கார்ந்து, ஒரு குவளை பீர் குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு இயல்பாக எழுந்து வருவதற்கு இடமில்லை. கடற்கரைச் சாலையை ஒட்டிய உணவகங்களிலும் பெரிய விடுதிகளிலும் உட்காரலாம் என்றாலும், அங்கே விலை அதிகம், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற எண்ணமும் மேசையில் கூடவே உட்கார்ந்திருக்கும். வியட்நாமில் அந்த எண்ணம் எங்கள் இருவரைவிட்டும் முழுவதுமாக அகன்றது. கணவன் மனைவியாகச் சேர்ந்து குடிப்பதில் இருக்கும் எளிய மகிழ்ச்சியை நான் முதன்முதலாக முழுமையாக அனுபவித்தது அந்த நாட்டின் நடைபாதைகளில்தான்.

ஹனோய் நகரின் பழைய பகுதியில், தா ஹியென் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகளை நடைபாதையில் பரப்பி, 'பியா ஹோய்' என்ற புதுபீரை விற்கிறார்கள். இது புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கப்படும் சரக்கு அல்ல. காலையில் பீப்பாயில் வந்து இறங்குகிறது, இரவுக்குள் தீர்ந்துவிட வேண்டும். கிருமிநீக்கச் சூடு காட்டாமல் வருவதால் மறுநாளுக்குத் தாங்காது. ஆல்கஹால் அளவு நூற்றுக்கு மூன்று நான்கு என்ற அளவில்தான் இருக்கும் என்பதால், இரண்டு மூன்று குவளை குடித்தாலும் தலை தெளிவாக இருக்கும், பேச்சு மட்டும் கொஞ்சம் கூடும். ஒரு குவளை நம் பணத்தில் முப்பத்தைந்திலிருந்து ஐம்பது ரூபாய்க்குள் அடங்கியது. தொட்டுக்கொள்ள அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை), நெருப்பில் வாட்டிக் கிழித்த கணவாய்க் கருவாடு, தக்காளிச் சாற்றில் போட்ட டோஃபு ஆகியவற்றைக் கொடுத்தார்கள். மல்லாட்டையைக் கண்டதும் என் கணவருக்கு ஏற்பட்ட உற்சாகத்தை நான் சொல்லி முடியாது. கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது புரியும்.

எங்கள் பக்கத்து முக்காலிகளில் ஒரு தாத்தாவும் பாட்டியும் ஒரே தட்டில் சாப்பிட்டபடி ஆளுக்கொரு குவளையோடு இருந்தார்கள். அதற்கடுத்து அலுவலகம் முடிந்து வந்த பெண்கள் கூட்டம். அவர்கள் எல்லாரும் 'மோத், ஹாய், பா' என்று ஒன்று இரண்டு மூன்று எண்ணி, 'ஸோ' என்று கத்திக் குவளைகளை மோதும்போது, முன்பின் அறியாத எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் வெறித்துப் பார்க்கவில்லை, மட்டமாகப் பேசவில்லை. அங்கும் ஆண்கள்தான் அதிகம் குடிக்கிறார்கள், அளவு மீறிக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குடிக்கும் இடத்தில் உணவும் குடும்பமும் கூடவே இருப்பதால் அந்த இடத்தின் குணமே வேறாகிறது. சைகோன் பக்கம் பீர்க் குவளையில் பெரிய பனிக்கட்டியைப் போட்டு ஊற்றுவார்கள். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த வெயிலில் இரண்டு நாள் நடந்த பிறகு அதன் நியாயம் விளங்கியது. அங்கே வின் கான் தெருவில் நத்தையும் சிப்பியும் புளியும் பூண்டும் சேர்த்து வறுத்துத் தருகிறார்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்து மீனைத் தின்று வளர்ந்தவர்கூட அங்கே புதிதாகக் கற்றுக்கொள்ளச் சில உண்டு.

இனி, நீங்கள் தவறாமல் அறிந்திருக்க வேண்டிய செய்தி. வியட்நாமில் 2020 ஜனவரி 1 முதல், வண்டி ஓட்டுபவரின் மூச்சிலும் இரத்தத்திலும் ஆல்கஹால் சிறிதளவுகூட இருக்கக் கூடாது. இந்தியாவில் நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் முப்பது மில்லிகிராம் வரை சட்டம் பொறுத்துக்கொள்கிறது. அங்கே அந்தச் சலுகை கிடையாது. 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஆணையின்படி மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு மிகக் குறைந்த அளவுக்கே இருபது முதல் முப்பது லட்சம் டோங் வரையிலும், அதிக அளவுக்கு எண்பது லட்சம் முதல் ஒரு கோடி டோங் வரையிலும் அபராதம் உண்டு. ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ முந்நூறு டோங் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மிதிவண்டி ஓட்டுபவரையும் இந்தச் சட்டம் விடுவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது: நம் நாட்டில் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையைச் சார்ந்தது, வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் அனுமதியை. ஆகவே கடைக்காரர் கேள்வி கேட்காமல் வண்டியை வாடகைக்குக் கொடுத்தாலும் அதை நீங்கள் ஓட்டுவது சட்டப்படி செல்லாது; விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடும் கைகொடுக்காது. மதுவோடு கூடிய சாலைப் பயணம் என்றால் வண்டியின் கைப்பிடி உங்கள் இருவர் கையிலும் இருக்கக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம், அதனால் பயணத்தின் இன்பம் கடுகளவும் குறையவில்லை. சாலையைப் பார்க்க வேண்டிய பொறுப்பு இல்லாதவர்களுக்கு மலையையும் கடலையும் பார்க்கும் நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஊர்களுக்கு இடையே நெடுந்தொலைவுக்குப் படுக்கைப் பேருந்துகள் ஓடுகின்றன. ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பல பேருந்துகளில் கழிப்பறை கிடையாது என்பதால், இரவுப் பேருந்து பிடிக்கும் நாளில் மாலைப் பீரைத் தவிர்த்துவிடுங்கள். இது மிகுந்த அக்கறையோடு சொல்லும் யோசனை. டா நாங்கிலிருந்து ஹுவே வரையிலான பகுதிக்கு மட்டும் பேருந்து வேண்டாம். அந்த வழியில் ஹாய் வான் கணவாய் இருக்கிறது. 2005இல் திறந்த ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கப்பாதை வழியே பேருந்துகள் போய்விடுவதால் எதையும் பார்க்க முடியாது. ரயில் கடலோரப் பாறைகளின் விளிம்பிலேயே வளைந்து போகும். அல்லது ஓட்டுநரோடு கூடிய மோட்டார் சைக்கிளை அமர்த்திக்கொண்டால், சுரங்கத்தில் அவற்றுக்கு அனுமதி இல்லாததால், ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரம் ஏறி இறங்கும் பழைய சாலையிலேயே போவீர்கள். நாங்கள் ரயிலில் போய், ஹுவேயில் தயாராகும் ஹுடா பீரை அந்த ஊரில் இறங்கிய பிறகு குடித்தோம்.

பயணத்தின் உச்சம் ஹா ஜாங். டோங் வான் சுண்ணாம்புக்கல் பீடபூமியை யுனெஸ்கோ 2010இல் புவிப்பூங்காவாக ஏற்றது. அந்த மலைக் கிராமங்களை இணைக்கும் சாலையைப் பல இனத்து இளைஞர்கள் 1959 முதல் 1965 வரை பெரும்பாலும் கையாலேயே வெட்டினார்கள்; மா பி லெங் கணவாயில் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி உளியடித்தார்கள். கீழே அதலபாதாளத்தில் ஞோ குவே ஆறு பச்சை நூலாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் பின்னிருக்கையில் உட்கார்ந்து போனபோது, எனக்கு முன்னே போன வண்டியில் இருந்த என் கணவர் திரும்பித் திரும்பிக் கையசைத்துக்கொண்டே வந்தார். இருவரும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே நேரத்தில் வாயடைத்துப்போவது மணவாழ்வில் அடிக்கடி கிடைப்பதில்லை.

இரவில் தங்குவது மலைவாழ் மக்களின் வீடுகளில். நீண்ட மேசையில் எல்லாரும் சேர்ந்து உண்ணும்போது, இலைகள் சேர்த்த ஈஸ்ட்டால் புளிக்கவைத்துக் காய்ச்சிய மக்காச்சோளச் சாராயம் சிறு கிண்ணங்களில் வரும். ஒவ்வொரு கிண்ணம் காலியானதும் எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்குவது அந்தப் பகுதி வழக்கம். வீட்டுக்காரர் பாடச் சொன்னார். என் கணவர் ஒரு நாற்று நடவுப் பாட்டை எடுத்தார், நான் பின்பாட்டுப் பாடினேன், வீட்டுக்கார அம்மாள் தம் மொழியில் ஒரு பாட்டால் பதில் சொன்னார். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மூன்றாவது பாட்டுக்குள் என் கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அந்தச் சாராயம் புதுபீரைப்போல் மென்மையானதல்ல. உடல் ஒரு சிறு கிண்ணத்தைக் கரைக்கவே ஒரு மணி நேரம் போல எடுத்துக்கொள்ளும் என்பதால், நள்ளிரவு வரை குடித்தவரின் இரத்தம் காலை ஏழு மணிக்கும் தெளிந்திருக்காது. ஓட்டுநரும் அதே மேசையில்தான் உட்காருவார். அமர்த்தும்போதே, இரவில் குடிக்காதவர்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவல்ல.

நல்ல வீட்டுச் சரக்குக்கும் நஞ்சுக்கும் கண்ணால் வேறுபாடு தெரியாது என்பதையும் நம் பகுதி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் எத்தனை வீடுகளை இருளாக்கியது என்பதைக் கண்டவர்கள் நாம். அதே 2024 நவம்பரில், வியட்நாமின் அண்டை நாடான லாவோஸில், முதுகுப்பைப் பயணிகள் கூடும் வாங் வியெங் ஊரில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் மெத்தனால் நஞ்சால் இறந்தார்கள். ஆகையால் இலவசமாக ஊற்றித் தரும் விடுதிக் குப்பிகள், வாளியில் கலந்து தரும் மலிவுக் கலவைகள், பெயர்ச்சீட்டு இல்லாத ஓட்கா ஆகியவற்றைத் தொடாதீர்கள். பீர் குடிப்பதே பாதுகாப்பு. மலை வீட்டில் குடிப்பதானால், வீட்டுக்காரர் தாமும் தம் குடும்பத்தாரும் குடிக்கும் அதே குப்பியிலிருந்து ஒன்றிரண்டு கிண்ணங்களோடு நிறுத்துங்கள். குடித்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகுகூடக் கண் மங்கினாலோ, பனிமூட்டம்போல் தெரிந்தாலோ, அதைத் தலைவலி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஓரிரவு அவர் விரும்பிய அளவு குடித்தால் நான் ஒரு குவளையோடு நிறுத்திக்கொள்வேன். மறுநாள் இரவு என் முறை. நிறுத்திக்கொள்பவரிடம் இருவரின் கடவுச்சீட்டும் பணமும் தங்குமிட முகவரியும் இருக்கும். குடித்தவரின் உளறலை முழுவதும் கேட்டுக் காலையில் சொல்லிக் காட்டும் உரிமையும் அவருக்கே. இதைவிட மகிழ்ச்சியான ஏற்பாட்டை நாங்கள் எங்கள் திருமணத்தில் செய்துகொண்டதில்லை.

புதுச்சேரிக்காரர்கள் சைகோனில் இரண்டு நாளாவது தங்க வேண்டும் என்பது என் விருப்பம். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரித் தமிழர்கள், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்குப் போய் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் படைவீரர்களாகவும் வேலை பார்த்தார்கள். எங்கள் குடும்பத்திலும் அப்படிப் போய்வந்த பெரியவர் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் பண்டிகைக்கு 'நெம்' என்ற வியட்நாமியச் சுருள் பொரிப்பது அவர் வழியாக வந்த பழக்கம். துருவோங் தின் தெருவிலுள்ள மாரியம்மன் கோவிலில் இன்று தீபம் ஏற்றிக் கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். அம்மனின் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று நானும் வேண்டிக்கொண்டேன். அன்று மாலை மது வேண்டாம் என்று இருவருக்குமே தோன்றியது, காபியோடு நிறுத்திக்கொண்டோம்.

காலத்தைப் பொறுத்தவரை பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது. அக்டோபரிலும் நவம்பரிலும் ஹோய் ஆன், ஹுவே பகுதிகளில் வெள்ளம் வரும். தெத் என்ற அவர்களின் புத்தாண்டு வாரத்தில் கடைகள் மூடியிருக்கும், பேருந்தில் இடம் கிடைக்காது. மின்விசா தொண்ணூறு நாள் வரை கிடைக்கிறது, ஒருமுறை நுழைவுக்கு இருபத்தைந்து டாலர். பையை நாற்பது லிட்டருக்கு மேல் வாங்காதீர்கள். மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டுவதற்கு அதுவே மிகுதி, வடக்கு மலைகளில் மார்ச் மாதத்திலும் குளிரும் என்பதால் ஆளுக்கொரு கம்பளிச் சட்டைக்கு மட்டும் அதில் இடம் விட்டுவையுங்கள்.