பாதி நேரம் சும்மா நின்ன டிரம்காரர்

சார் வணக்கம். என் பொண்ணு அமெரிக்காவுல இல்லினாய் யூனிவர்சிட்டில படிக்கிறா, அங்க கான்சர்ட் பேண்டுல கிளாரினெட். போன மாசம் போயிருந்தப்ப அவங்க கச்சேரி கேட்டோம். கடைசில சூசா இவங்க யூனிவர்சிட்டிக்குன்னே போட்ட மார்ச் வாசிச்சாங்க. பெரிய டிரம் அடிக்கிறவர் நடுநடுவுல கையைக் கட்டிட்டு நிக்கிறார், மறந்துட்டாரா? அதோட, மார்ச்னா நடக்கறதுக்குத்தானே, நாற்காலில உக்காந்து வாசிக்க எதுக்கு மார்ச்?

ஒரு வாசகர்

வணக்கம். ரெண்டாவது கேள்வியை முதல்ல முடிச்சிடறேன். ஜான் ஃபிலிப் சூசா 1880லேர்ந்து 12 வருஷம் அமெரிக்க மரீன் பேண்டை, அதாவது அந்த நாட்டு ராணுவ பேண்டை, நடத்தினவர், அங்க நடந்தாங்கதான். ஆனா 1892ல சொந்தமா பேண்டு ஆரம்பிச்சப்புறம் அது நடந்த தடவைகளை விரல் விட்டு எண்ணிடலாம், மத்ததெல்லாம் உக்காந்து வாசிச்ச கச்சேரிதான். ப்ரோக்ராம்ல பெரிய பெரிய ஓவர்ச்சர் (ஆபராவுக்கு முன்னாடி வாசிக்கிற முன்னிசை) இருக்கும், ஒவ்வொண்ணும் முடிஞ்சு கைதட்டல் அடங்கறதுக்குள்ள என்கோரா, அதாவது கூடுதல் உருப்படியா, ஒரு மார்ச்சைத் தூக்கிப் போடுவார், ஜனங்க காத்திருந்ததே அதுக்குத்தான்.

இப்ப டிரம்காரர். பாவம், அவர் மறக்கல. அச்சுல இருக்கிற இசை நோட்டைப் பாத்தா ரெண்டாவது பகுதி முழுக்க சத்தமாத்தான் இருக்கும், ரெண்டு தடவை வாசிக்கணும், அவ்ளோதான். சூசா பேண்டுல முதல் தடவை கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஊதறது), டிராம்போன், சிம்பல் (பித்தளைத் தட்டு), பல சமயம் பெரிய டிரம்மும் கப்சிப், கிளாரினெட் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழ எறங்கிடும். திரும்ப வரும்போது மொத்தப் பேரும் உள்ள வந்து விழுவாங்க. நம்ம ஊர்ல பல்லவிக்கு சங்கதி ஏத்துற மாதிரின்னு வச்சுக்கோங்க, மெட்டு அதேதான், எடை மட்டும் ஏறும். டிரயோலயும், அதாவது மார்ச்சோட பின்பாதில வர்ற மெட்டுலயும், இதே கதைதான். சூசாகிட்ட கஸ் ஹெல்மெக்கின்னு ஒரு டிரம்காரர் இருந்தார், எந்த இடத்துல ஒரே ஒரு அடி போடணும்னு தெரிஞ்ச மனுஷன், அந்த அடிகள்ல பாதி எந்த நோட்டுலயும் கிடையாது. இதெல்லாம் பேண்டுக்காரங்க கேட்டுக் கேட்டு கைமாத்தினது.

இல்லினாய்க்கு ஏன்னா, அங்க ஆல்பர்ட் ஆஸ்டின் ஹார்டிங் இருந்தார், எஞ்சினியரிங் படிக்க வந்து பேண்டு நடத்துறதுல சிக்கிக்கிட்டவர், 1948 வரைக்கும் அந்த நாற்காலியை விடல. ஆர்கெஸ்ட்ரா உருப்படிகளை பேண்டுக்கு மாத்தி எழுதி, அதுக்காக யாரும் வச்சிருக்காத வாத்தியமா தேடித் தேடி வாங்கிப் போட்டார், சூசாவுக்கு அந்த பேண்டு ரொம்பப் பிடிக்கும். சூசா இந்த மார்ச்சைப் போட்டது 1929ல. அதுக்கு முன்னாடியே மார்க்வெட், மினசோட்டா, நெப்ராஸ்கான்னு காலேஜ் காலேஜா எழுதிக் கொடுத்துட்டார், 70 தாண்டின வயசு, கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டார் போல. உள்ளதைச் சொன்னா 1896ல போட்ட ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ், அவரோட ரொம்பப் பேர்போன மார்ச், அது பக்கத்துல இதை நிறுத்த முடியாது, ஆனா நல்லா வாசிச்சா முதுகு நிமிரும்.

1932ல சூசா காலமானப்புறம் பேண்டோட நோட்டுகள்ல பெரும்பகுதி பெட்டி பெட்டியா இல்லினாய்க்குத்தான் போய்ச் சேந்துச்சு, இன்னைக்கும் அவர் பேர்லயே ஒரு ஆவணக்காப்பகம் இருக்கு, அடுத்த தடவை போனா பொண்ணைக் கூட்டிட்டு எட்டிப் பாருங்க. அப்படியே அவகிட்ட, முதல் ரவுண்டுல எந்த ஆக்டேவ்ல வாசிச்சான்னு கேட்டு எழுதுங்க, எனக்குத் தெரிஞ்சாகணும்.