சண்டேக்குள்ள காலி பண்ணுனு சொன்னா உடனே பையைக் கட்டணுமா?

கேள்வி: அக்கா, எனக்கு சொந்த ஊரு விருதுநகர் பக்கம், பெருங்குடில ஒரு கால் சென்டர்ல நைட் ஷிஃப்ட் பாக்கறேன். ஒரு குடும்பம் ரெண்டு பெட்ரூம் வீட்டை வாடகைக்கு எடுத்து அதுல ஒரு ரூமை எனக்கு உள்வாடகைக்கு விட்டிருக்காங்க, மாசம் 7,000, அட்வான்ஸ் 30,000 குடுத்தேன், அக்ரிமென்ட்னு எதுவும் எழுதல. ஒரு வருஷம் ரெண்டு மாசமா இருக்கேன், வாடகை ஒரு மாசம் கூட லேட் ஆனதில்ல, எல்லாமே ஜிபேல தான் போட்டேன். போன புதன்கிழமை அந்த அண்ணன் வாட்ஸ்அப்ல "ஓனர் வர்றாரு, சண்டேக்குள்ள ரூமை காலி பண்ணிடு"னு ஒரே ஒரு மெசேஜ், அதுக்கப்புறம் ஃபோன் எடுக்கல. மறுநாள் காலைல ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா என் ரூமுக்கு மட்டும் கரண்ட் இல்ல, பீஸ் கட்டையை உருவி வச்சிருக்காங்க. கேட்டதுக்கு "நீ இருக்கறதே ஓனருக்கு தெரியாது, உனக்கு என்ன உரிமை இருக்கு"னு அந்த அக்கா கத்தறாங்க. அட்வான்ஸ் கேட்டா பெயிண்டிங்குக்கு கழிச்சுட்டு அப்புறமா தர்றோம்ங்கறாங்க. நான் நிஜமாவே போய்தான் ஆகணுமா?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தங்கச்சி, சண்டே அன்னைக்கு பயந்துகிட்டு வெளிய போகாத. உன் கைல அக்ரிமென்ட் இல்ல, ஓனரோட சம்மதம் இல்ல, அதெல்லாம் உண்மை தான், அதைப் பத்தி கீழ ஒளிக்காம சொல்றேன், ஆனா நாலு நாள்ல ஒரு மெசேஜ போட்டு, கரண்ட்ட புடுங்கி, ஒருத்தர வீட்டை விட்டு தள்ளறதுக்கு இந்த நாட்டுல யாருக்கும் அதிகாரம் கிடையாது, ஓனருக்கே கிடையாது, அவர்கிட்ட வாடகைக்கு இருக்கற இவங்களுக்கு எங்க இருந்து வரும்.

சட்டம் சொல்றது என்னன்னா, ஒரு இடத்துல நீ பணம் குடுத்து, நிம்மதியா, எல்லாருக்கும் தெரியற மாதிரி குடியிருந்துட்டா அது உன்னோட சுவாதீனம், அதாவது இடம் உன் கைவசம் இருக்குனு அர்த்தம். உனக்கு அங்க இருக்க உரிமையே இல்லைனு வச்சுகிட்டா கூட, உன்னை வெளியேத்தணும்னா கோர்ட் வழியா தான் வெளியேத்தணும், கை வச்சு இல்ல. இது சுப்ரீம் கோர்ட் 1989ல கிருஷ்ணா ராம் மஹாலே வழக்குல தெளிவா சொன்னது, அப்புறம் 2003 டிசம்பர்ல ராமே கௌடா வழக்குலயும் அதையே உறுதி பண்ணாங்க. அதனால "உனக்கு என்ன உரிமை"னு கேட்டா, கோர்ட் ஆர்டர் இல்லாம என்னை யாரும் வெளியேத்தக் கூடாதுங்கற உரிமைனு தைரியமா சொல்லு.

அடுத்தது நோட்டீஸ். எழுத்து ஒப்பந்தம் இல்லாம மாசா மாசம் வாடகை குடுத்து குடியிருந்தா அதை மாத வாடகைக் குடித்தனமா எடுத்துக்குவாங்க, 1882ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 106 படி அதை முடிக்க குறைஞ்சது 15 நாள் நோட்டீஸ் குடுக்கணும், அதுவும் எழுத்துல, கையெழுத்து போட்டு, தபால்லயோ நேர்லயோ உன் கைக்கு வந்து சேரணும், அது வந்து சேர்ந்த நாள்ல இருந்து தான் 15 நாள் கணக்கு. புதன்கிழமை நைட் வந்த ஒரு வரி மெசேஜ் இதுக்கு ஈடாகாது. அவங்க வக்கீல் வச்சு "இது வாடகையே இல்ல, சும்மா தங்க விட்டோம், லைசென்ஸ் தான்"னு பேசலாம், உனக்குன்னு தனி ரூம், தனிப் பூட்டு, சாவி உன் கைல இருந்தா அந்த வாதம் பலவீனமாயிடும். அப்படியே லைசென்ஸ்னு கோர்ட் எடுத்துகிட்டா கூட, அதே 1882ல வந்த ஈஸ்மென்ட் சட்டத்துல பிரிவு 63னு ஒண்ணு இருக்கு, லைசென்ஸ ரத்து பண்ணா அந்த ஆள் கிளம்பறதுக்கும் சாமானை எடுத்துகிட்டு போறதுக்கும் நியாயமான டைம் குடுக்கணும்னு. நைட் ஷிஃப்ட் பாக்கற ஒரு பொண்ணுக்கு நாலு நாள் நியாயமான டைம்னு எந்த ஜட்ஜும் சொல்வார்னு நான் நினைக்கல.

இப்ப இன்னைக்கே பண்ண வேண்டியது. ஜிபேல வாடகை போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் எடு, பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்து வை, அட்வான்ஸ் 30,000 போன என்ட்ரியை தனியா குறிச்சு வை, அது கேஷா குடுத்திருந்தா "அட்வான்ஸ் 30,000ஐ எப்ப தருவீங்க அண்ணா"னு ஒரு மெசேஜ் போடு, வாங்கவே இல்லைனு மறுக்காம அவங்க பதில் போட்டா, பணம் வாங்கினதுக்கு அதுவே சாட்சி ஆயிடும். உருவின பீஸ் கட்டை இருந்த இடத்தை ஃபோட்டோ எடு, பக்கத்து ரூம்ல லைட் எரியறதும் அதே ஃபோட்டோல தெரியணும். பார்சல், ஆதார், பேங்க் லெட்டர்னு அந்த அட்ரஸுக்கு வந்தது எது இருந்தாலும் ஒரு கவர்ல போட்டு ஆபீஸ்ல வச்சுக்கோ, ரூம்ல வைக்காத. வாடகை தேதி வந்தா வழக்கம் போல வாடகையைப் போட்டுடு, கோபத்துல நிறுத்திடாத, நிறுத்தின அன்னைக்கே பாக்கி வச்சவங்கற பேரு உன் தலைல வந்துடும்.

அடுத்து உன் ஏரியா போலீஸ் ஸ்டேஷன். அங்க போனா முதல்ல "இது சிவில் மேட்டர்மா, பேசித் தீத்துக்கோங்க"ம்பாங்க. வாடகைத் தகராறு சிவில் தான், ஆனா கரண்ட்ட புடுங்கறது, பூட்டை மாத்தறது, மிரட்டறது இதெல்லாம் வேற. அதை மட்டும் எழுதிக் குடு, தேதி, நேரம் போட்டு ஒரு பக்கத்துக்கு மிஞ்சாம, குடுத்துட்டு சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிகிட்டதுக்கான ரசீது, கேளு, அது இல்லாம ஸ்டேஷனை விட்டு வராத. ராத்திரில பூட்டை உடைக்க வந்தா 112க்கு அடி. வக்கீல் ஃபீஸ் நினைச்சு தயங்காத, சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987 படி பெண்களுக்கு சம்பளம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு ஃபோன் பண்ணு இல்ல கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்கு நேர்ல போ. அவங்க மூலமா சிவில் கோர்ட்ல, முறையா இல்லாம வெளியேத்தக் கூடாதுனு தடை உத்தரவு கேக்கலாம். ஒருவேளை நீ ஷிஃப்ட்ல இருக்கும்போது பூட்டிட்டாங்கன்னா, ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 1963, பிரிவு 6 படி ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போட்டு ரூமை திரும்பக் கேக்கலாம், அந்த கேஸ்ல வீடு யாருதுனு ஆராய மாட்டாங்க, நீ இருந்தியா, உன் சம்மதம் இல்லாம சட்டத்துக்குப் புறம்பா வெளிய தள்ளினாங்களா, அவ்ளோ தான் பாப்பாங்க.

இனி கசப்பான பகுதி. தமிழ்நாட்டுல 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டு சட்டம் போயி 2017ல புது சட்டம் வந்து 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறைல இருக்கு. அதுபடி ஓனரோட எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாம யாரும் உள்வாடகைக்கு விடக் கூடாது, விட்டா அதுவே மெயின் டெனன்ட்ட, அதாவது ஓனர்கிட்ட நேரடியா வாடகைக்கு எடுத்தவங்கள, வெளியேத்த ஒரு காரணம், வாடகை நீதிமன்றத்துல ஓனர் அந்த ஆர்டர் வாங்கிட்டார்னா அவங்களுக்குக் கீழ இருக்கற நீயும் போக வேண்டியது தான். அதனால இந்த ரூம்ல பல வருஷம் இருந்துடலாம்னு நான் உனக்கு ஆசை காட்ட மாட்டேன். உன் பலம் நேரத்துல இருக்கு, ஒரு கேஸ் போட்டு ஆர்டர் வாங்க அவங்களுக்கு மாசக்கணக்குல ஆகும், அது அவங்களுக்கும் தெரியும், ஓனருக்குத் தெரியாம விட்டோம்ங்கற பயமும் அவங்களுக்குத் தான் ஜாஸ்தி. அதை வச்சு பேசு, "எனக்கு 30 நாள் குடுங்க, கரண்ட்ட இன்னைக்கே குடுங்க, காலி பண்ற அன்னைக்கு அட்வான்ஸ் முழுசா குடுங்க"னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க.

அட்வான்ஸுக்கு சட்டம் சொல்றது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள பாக்கி ஏதாவது இருந்தா கழிச்சுகிட்டு மீதியைத் திருப்பணும்னு. 14 மாசம் சாதாரணமா புழங்கின ரூமுக்கு பெயிண்டிங் உன் தலைல விழக் கூடாது, நீ எதையும் உடைக்கல இல்ல. நடைமுறைல நான் சொல்றது ஒண்ணு தான், பணம் உன் அக்கவுன்ட்ல ஏறினப்புறம் சாவியைக் குடு. இந்த மாதிரி என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, "கீழ வண்டி நிக்குது, சாவியைக் குடு, சாயந்தரம் போடறேன்"னு சொன்னதை நம்பி சாவியைக் குடுத்துட்டா, ஸ்டவ்வையும் ஒரு மூட்டை துணியையும் வச்சுகிட்டு மாடிப்படில உக்காந்து எனக்கு ஃபோன் பண்ணா, அந்த 25,000 வர எட்டு மாசம் ஆச்சு. உனக்கு அது நடக்கக் கூடாது.

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூர்ல ஒரு கடைல பாதியை உள்வாடகைக்கு எடுத்து டெய்லரிங் பண்றேன், மூணு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் போட்டிருக்கேன். 2022ல எழுதின அக்ரிமென்ட்ல கடை ஓனரும் "சம்மதம்"னு கையெழுத்து போட்டிருக்கார். இப்ப மெயினா எடுத்தவர் நஷ்டம்னு கடையை ஓனர்கிட்ட ஒப்படைச்சுட்டு ஊருக்குப் போயிட்டார். ஓனர் "அவரே போயிட்டார், உங்களுக்கு இனி என்ன வேலை, இந்த வாரம் மெஷினை தூக்குங்க"ங்கறார்.
— ஒரு டெய்லர், திருப்பூர்

பதில்: அண்ணா, அந்த ஓனர் கையெழுத்து தான் உங்க உயிர்நாடி, அந்த அக்ரிமென்ட்ட லேமினேட் பண்ணாதீங்க, ஒரிஜினலை அப்படியே பத்திரமா வச்சுட்டு நாலு ஜெராக்ஸ் எடுத்து வைங்க. பிரிவு 115னு சொத்து மாற்றுச் சட்டத்துல இருக்கு, மெயின் டெனன்ட் தானா முன்வந்து இடத்தை ஒப்படைச்சுட்டா, அதுக்கு முன்னாடியே முறையா குடுத்த உள்வாடகை அதனால அழிஞ்சு போகாது. அவர் இருந்த இடத்துக்கு ஓனர் வந்துடறார், இனி வாடகையை நீங்க ஓனருக்குக் குடுக்கணும், அவ்ளோ தான் மாற்றம். மெயின் டெனன்ட் வாடகை பாக்கி மாதிரி ஏதாவது தப்பு பண்ணி அதனால ஓனர் அவர் உரிமையை ரத்து பண்ணியிருந்தா கதை வேற, அப்ப உள்வாடகையும் சேர்ந்து போயிடும், அதனால ஒப்படைச்சதுக்கு ஏதாவது கடிதம் இருக்கான்னு அவரை ஊர்ல பிடிச்சு கேட்டு ஒரு காப்பி வாங்கிடுங்க.

இந்த மாச வாடகையை பேங்க் மூலமா ஓனருக்கு அனுப்புங்க, வாங்க மாட்டேன்னா மணி ஆர்டர் போடுங்க, திரும்பி வந்தா அந்த ஸ்லிப்பை வச்சுக்கோங்க, நான் குடுக்கத் தயாரா இருந்தேன்னு அது பேசும். அக்ரிமென்ட் காலம் இன்னும் இருக்கா முடிஞ்சுடுச்சானு முதல்ல பாருங்க, இருந்தா அதைச் சொல்லி ஓனருக்கு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம் போடுங்க, முடிஞ்சிருந்தா உடனே ஓனரோட நேரடியா புதுசா எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணிடறது நல்லது, ஏன்னா ஒப்பந்தம் எழுதாம விட்டதையே கூட வெளியேத்த ஒரு காரணமா காட்டலாம். இதுக்கு டெபுடி கலெக்டர் ரேங்க்ல ஒரு அதிகாரி இருக்கார், பதிவு ஆன்லைன்லயே பண்ணலாம். கஸ்டமர் துணி உள்ள இருக்கும்போது ஷட்டர்ல வேற பூட்டு விழுந்தா உங்க பேரும் சேர்ந்து போகும், அதனால டெலிவரி தேதி கிட்ட இருக்கற துணியை மட்டும் வீட்டுக்கு எடுத்துகிட்டுப் போங்க, மெஷினை நகத்தாதீங்க, மெஷினை நகத்தினா நீங்களே காலி பண்ணிட்டீங்கனு சொல்லிடுவாங்க.

கேள்வி: நான் தான் மெயின் டெனன்ட், ஓனர் சம்மதத்தோட ஒரு தம்பியை ரூம்ல சேர்த்தேன். அடுத்த மாசம் கல்யாணம், அவனை எப்படி அனுப்பறது? சொல்ல சங்கடமா இருக்கு.
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கல்யாண வாழ்த்துகள் தம்பி. வாயால இன்னைக்கே சொல்லிடுங்க, கூடவே ஒரு வெள்ளைத் தாள்ல தேதி போட்டு, எந்த தேதிக்குள்ள காலி பண்ணணும்னு எழுதி, கையெழுத்து போட்டு குடுங்க, வாங்கினதுக்கு ஒரு காப்பில அவர் கையெழுத்தும் வாங்கிக்கோங்க. குறைஞ்சது 15 நாள், முடிஞ்சா ஒரு முழு மாசம். அட்வான்ஸை கல்யாணச் செலவுல கலக்காம இப்பவே தனியா எடுத்து வச்சுடுங்க, அவர் புது ரூமுக்கு அட்வான்ஸ் குடுக்க அந்தப் பணத்தைத் தான் நம்பியிருப்பார், பாதியை முன்னாடியே குடுத்தீங்கன்னா இன்னும் சீக்கிரமா இடம் பாத்துடுவார்.